சிறுநீர்ப் பரிசோதனையும் மருந்துச் சிக்கனமும்

[விருதுநகர் மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை]



கிணறு, சாலை, கண்மாய், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிக் கூடிப் பேசுவது நமக்குப் பழக்கமான காரியம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ பொது மேடையில் பேசுவதற்குச் சிறிது கூச்சம் தரக்கூடியது. அது சிறுநீர்ப் பரிசோதனை பற்றியது. கூச்சத்தின் காரணமாக இதனை எவரும் விளக்கிச் சொல்வதில்லை. விளக்கிச் சொல்லாமையால் பரிசோதனை பிழைபடுகிறது. பரிசோதனை பிழைபடுவதால் வேண்டாத மருந்து உடலில் ஏறுகிறது. அதனால் விளையும் நட்டம் மருந்துண்டவரோடு நின்றுவிடாமல் ஊர் முழுமையையும் சாருகிறது. ஆதலின் கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இவ்விஷயத்தை வெளிப்படையாகவே பேசுவோம்.

நம் மாவட்டமும் நீர்க்கடுப்பும்

11 ஊராட்சி ஒன்றியங்களும் 450 ஊராட்சிகளும் கொண்ட நம் விருதுநகர் மாவட்டம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. வைப்பாற்றிலும் அர்ச்சுனா நதியிலும் நீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்களே அதிகம். மழையை மட்டும் நம்பிப் பிழைக்க இயலாத இந்த மண்ணிலிருந்து 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அன்று விழுந்த விதையிலிருந்து இன்று சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரங்களில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்கள் தழைத்துப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு அளித்து வருகின்றன.

கந்தக பூமி என்று பெயர் பெற்ற இவ்வட்டாரத்தின் வெயிலைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வெயிலில் பருத்திக் காட்டில் களை எடுப்பவரும், பட்டாசுக் கொட்டகையில் திரி சுற்றுபவரும், தீப்பெட்டி ஆபீஸ் என்று நம் ஊரில் வழங்கும் ஆலையில் அமர்ந்து வேலை செய்பவரும் உடலில் உள்ள நீரை வியர்வையாக இழக்கின்றனர். பெண்களுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. மறைவான கழிப்பிடம் அருகில் இல்லாத இடங்களில், அடிக்கடி எழுந்து போக நேருமே என்று அஞ்சி அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். வரும் நீரையும் அடக்கிக்கொள்கின்றனர். மாலையில் வீடு திரும்பும்போது எரிச்சலும் கடுப்பும் தோன்றுகின்றன. 'சூடு பிடித்துக்கொண்டது' என்கிறோம், 'நீர்க்கடுப்பு' என்கிறோம்.

இந்நீர்க்கடுப்பு இருவகையாக வரலாம். நீர் போதாமையால் சிறுநீர் சுண்டி, நிறம் கறுத்து எரிச்சல் உண்டாவது ஒன்று. மலத்தோடு சேர்ந்த கிருமிகள் சிறுநீர்ப் பாதையில் ஏறிப் பெருகுவது மற்றொன்று. பெண்களின் சிறுநீர்ப் பாதை குறுகியதாதலின் இரண்டாவது வகை அவர்களுக்கே மிகுதியாக வருகிறது. முதல் வகைக்கு வேண்டுவது தண்ணீரும் நிழலும் ஓய்வும். இரண்டாவது வகைக்கே பெரும்பாலும் ஆன்டிபயாடிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படும். இரண்டிலும் எரிச்சல் உண்டாகலாம் ஆகையால், எரிச்சல் கண்டவுடன் மருந்துக் கடைக்குச் சென்று, 'போன முறை வாங்கிய மாத்திரையையே கொடுங்கள்' என்று கேட்பது இருட்டில் கல் எறிவதை ஒக்கும்.

பருத்திக் காடு கற்பித்த பாடம்

வேண்டாத மருந்தினால் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு விடையைப் பருத்தி விவசாயிகளாகிய நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. காய்ப்புழுவை ஒழிக்கப் பைரித்திராய்டு வகை மருந்துகள் வந்தபோது நாம் மகிழ்ந்தோம். புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரந்தோறும் தெளித்தவர் பலர். 1987ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலப் பருத்தி வயல்களில் அதே மருந்துக்குப் புழு சாகாமற் போயிற்று. மருந்து தாங்காத புழுக்கள் செத்து ஒழிய, தாங்கக்கூடிய சில புழுக்கள் மட்டும் எஞ்சி முட்டையிட்டுப் பெருகியதே அதன் காரணம். தேவையின்றித் தெளித்த ஒவ்வொரு தெளிப்பும் வலுத்த புழுவைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் வேலையையே செய்தது.

மனித உடலிலும் இதுவே நிகழ்கிறது. நாம் உண்ணும் ஆன்டிபயாடிக் மாத்திரை நோய்க் கிருமியை மட்டும் தாக்குவதில்லை. குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளுக்குள்ளும் புகுந்து, மருந்தைத் தாங்கும் கிருமிகளை மிச்சம் வைக்கிறது. அவை கையின் வழியாகவும், கழிவு நீரின் வழியாகவும், ஆஸ்பத்திரிப் படுக்கையின் வழியாகவும் பிறரை அடைகின்றன. பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றுப் பேசியபோதே இந்த ஆபத்தைக் குறித்து எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேராக விளைந்த மரணங்கள் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் இக்கிருமிகளைக் கண்காணித்து வருகிறது. சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் ஈ.கோலை என்னும் கிருமி, வழக்கமாகக் கொடுக்கப்படும் மாத்திரைகள் பலவற்றுக்கு அடங்குவதில்லை என்பதை அதன் அறிக்கைகள் காட்டுகின்றன.

தீக்காயம் பட்டவருக்கு வேண்டிய மருந்து

இந்த நட்டம் மற்ற மாவட்டங்களைவிட நம் மாவட்டத்தைக் கூடுதலாகத் தாக்கும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடி விபத்துகளை நாம் மறக்கவில்லை. இடையிலும் பின்னரும் நேர்ந்த விபத்துகள் பல. தீக்காயம் பட்டவர் முதல் சில நாட்களைத் தாண்டிப் பிழைத்துக்கொண்டால், அதன்பின் அவர் உயிருக்குப் பெரும் பகையாக நிற்பது கிருமித் தொற்றே. தோல் என்னும் வேலி எரிந்துபோன உடலில் கிருமிகள் தடையின்றிப் புகுகின்றன. அவ்வேளையில் சிவகாசி அரசு மருத்துவமனையிலும் மதுரை இராசாசி அரசு மருத்துவமனையிலும் மருத்துவர்களின் கையிலுள்ள முக்கிய ஆயுதங்களுள் ஒன்று ஆன்டிபயாடிக் மருந்து. அது பலிக்காமற் போனால் மருத்துவர் என் செய்வார்?

நம் வீட்டில் சூட்டினால் வந்த எரிச்சலுக்கு வீணாக விழுங்கிய மாத்திரை, நம் ஊர்க் கிருமிகளுக்கு அம்மருந்தைத் தாங்கும் பயிற்சியை அளிக்கிறது. பிறகு ஒரு நாள் நம் தெருவைச் சேர்ந்த பெண் ஒருத்தி தீக்காயத்துடன் கிடக்கும்போது, அந்தப் பயிற்சி பெற்ற கிருமியே அவள் புண்ணில் குடியேறக்கூடும். மருந்துச் சிக்கனம் என்று நாம் கூறுவது காசுச் சிக்கனம் மட்டும் அன்று, உயிர்ச் சிக்கனம்.

மண் மாதிரியும் சிறுநீர் மாதிரியும்

மருந்து வேண்டுமா, வேண்டாவா என்று முடிவு செய்வதற்கு மருத்துவருக்குத் துணையாவது பரிசோதனை. ஆயின் பரிசோதனையின் முடிவு நாம் கொடுக்கும் மாதிரியைப் பொறுத்தது. இதனை விளங்கிக்கொள்ள மண் பரிசோதனையை நினைவுகூர்ந்தால் போதும். நிலத்தின் மேலே கிடக்கும் சருகையும் குப்பையையும் விலக்கிவிட்டு, 'வி' வடிவில் குழி வெட்டி, பருத்திக்காயின் 22½ சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணைச் சுரண்டி எடுக்கிறோம். எருக்குவியல் இருந்த இடத்திலும் வரப்பிலும் மர நிழலிலும் எடுப்பதில்லை. உரச் சாக்கில் போட்டு அனுப்புவதில்லை. இவ்விதிகளை மீறினால் நிலத்தில் இல்லாத சத்து இருப்பதாக அட்டையில் வரும். அதை நம்பி உரமிட்டால் பணம் பாழாகும்.

சிறுநீர் மாதிரியும் அவ்வாறே. நலமுள்ளவரின் உடலிலும் சிறுநீர் வெளிவரும் வாயிலைச் சுற்றித் தோலில் கிருமிகள் இருக்கின்றன. முதலில் வரும் நீர் அவற்றைக் கழுவிக்கொண்டு வருகிறது. அது நிலத்தின் மேலுள்ள சருகுக்கு ஒப்பானது. அந்த முதல் நீரைப் புட்டியில் பிடித்துக் கொடுத்தால், உள்ளே கிருமி இல்லாதவருக்கும் கிருமி இருப்பதாகத் தோன்றும். முதல் நீரை விட்டுவிட்டு நடுவில் வரும் நீரைப் பிடிப்பதே முறை.

நேரமும் முக்கியம். கறந்த பாலைச் சங்கத்துக்குக் கொண்டு செல்லாமல் மதியம் வரை வெயிலில் வைத்தால் திரிந்துவிடுகிறது அல்லவா? சிறுநீரிலும் அவ்வாறே கிருமி பெருகும். தக்க சூட்டில் ஈ.கோலை கிருமி ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிக்க வல்லது. ஒரு மில்லிலிட்டரில் 1,000 கிருமிகள் இருந்தால், அந்த வேகத்தில் 2 மணி 20 நிமிடத்தில் அவை 1,28,000 ஆகிவிடும். ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் கிருமிகள் என்பது, எட்வர்டு காஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1956இல் வெளியிட்ட ஆராய்ச்சி முதல் மருத்துவர்கள் நோய்த் தொற்றுக்கு அடையாளமாகக் கொண்டு வரும் அளவு. அதிகாலையில் பிடித்து, வேலைக்கு அனுப்பிவிட்டுப் போகலாம் என்று சமையலறை மூலையில் வைத்து, பத்து மணிக்குக் கொண்டு சென்ற நீர், நோயில்லாதவரையும் நோயாளி ஆக்கிவிடக்கூடும் என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

மாதிரி கலப்படமாக இருந்தால் பலவகைக் கிருமிகள் கலந்து வளரும். மீண்டும் மாதிரி வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்தார் எழுதி அனுப்புவர். ஒரு நாள் கூலியை இழந்து வந்த பெண்ணை மறு நாளும் வரச் சொல்ல மனமின்றி, மருத்துவர் மருந்தை எழுதிவிடவும் நேரிடுகிறது. இவ்விரு நட்டங்களையும் தடுக்க வல்லது இரண்டு நிமிட விளக்கமே.

மாதிரி எடுக்கும் முறை

பின்வரும் விதிகளை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்திருத்தல் நன்று.

1. பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கும் புதிய டப்பியையே பயன்படுத்த வேண்டும். டானிக் பாட்டில், மருந்துப் புட்டி, வீட்டு டம்ளர் ஆகியவை உதவா. உபயோகிக்கும் நேரம் வரை மூடியைத் திறக்கலாகாது. டப்பியின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் விரலால் தொடலாகாது.

2. முதலில் சோப்பு இட்டுக் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும். பட்டாசு வேலையிலிருந்து நேராக வருவோரின் விரல்களில் அலுமினியத் தூளும் மருந்துத் தூளும் ஒட்டியிருக்கும். ஆதலால் அவர்கள் இருமுறை கழுவுதல் நலம்.

3. சிறுநீர் வெளிவரும் இடத்தைத் தூய நீரால் கழுவ வேண்டும். பெண்கள் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். டெட்டால் போன்ற கிருமிநாசினித் திரவங்களைப் பயன்படுத்தலாகாது. அவை மாதிரியில் கலந்தால் உண்மையான கிருமியும் மறைந்துபோம்.

4. பெண்கள் இரு விரல்களால் தோல் மடிப்புகளை விலக்கிப் பிடித்துக்கொண்டும், ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டும் சிறுநீர் கழிக்கத் தொடங்க வேண்டும். முதலில் வருவதைக் கீழே விட்டுவிட வேண்டும். நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டப்பியை நீட்டி நடு நீரைப் பிடித்து, எஞ்சியதைக் கீழே விட வேண்டும். கால் டப்பி முதல் அரை டப்பி வரை போதும்.

5. மூடியை இறுக மூடி, டப்பியின் மேல் பெயரையும் பிடித்த நேரத்தையும் எழுதச் செய்ய வேண்டும்.

6. கூடுமானவரை ஆஸ்பத்திரியிலேயே மாதிரி கொடுப்பது சிறந்தது. வீட்டில் பிடித்தால் 2 மணி நேரத்திற்குள் சேர்ப்பிக்க வேண்டும். இயலாவிடில் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து 24 மணி நேரத்திற்குள் கொடுக்கலாம். பனிக்கட்டி உறையும் தட்டில் வைக்கலாகாது.

7. மாதிரி கொடுப்பதற்கென்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாகாது. அது கிருமியின் எண்ணிக்கையை நீர்த்துப்போகச் செய்யும்.

8. ஆன்டிபயாடிக் மாத்திரையின் முதல் வேளையை உண்பதற்கு முன்னரே மாதிரி கொடுத்தல் வேண்டும். ஏற்கெனவே உண்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாட்களாயின் அதனையும் செவிலியரிடம் கூறுதல் அவசியம்.

கைக்குழந்தைகளுக்கும், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் முறை வேறு. குழாயின் முனையில் தொங்கும் பையிலிருந்து எடுத்த நீர் கிருமிச் சோதனைக்கு உதவாது. இவர்கள் விஷயத்தில் செவிலியரின் உதவியைக் கோர வேண்டும்.

முடிவை எவ்வாறு கொள்வது?

கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இரண்டு, மூன்று நாட்கள் ஆகலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அது கூறும். அதுவரை பொறுக்கலாமா, உடனே மருந்து தொடங்க வேண்டுமா என்பதை மருத்துவரே தீர்மானிப்பார். குறிகள் தெளிவாக உள்ள பெண்ணுக்குச் சோதனை இன்றியே குறைந்த நாட்களுக்கு மருந்து கொடுப்பதும் உண்டு, அதில் தவறில்லை.

நாம் அறிய வேண்டிய மற்றொன்று, சிறுநீரில் கிருமி இருப்பது மட்டுமே நோயாகிவிடாது என்பது. முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் எந்தத் துன்பமும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி இருக்கக்கூடும். எரிச்சல், காய்ச்சல் முதலிய குறி ஏதும் இல்லையேல் அவர்களுக்குப் பெரும்பாலும் மருந்து வேண்டுவதில்லை. சிறுநீர் நாறுகிறது, கலங்கியிருக்கிறது என்பதற்காக மட்டும் மாத்திரை கேட்கலாகாது. கர்ப்பிணிகளோ இதற்கு விலக்கு. அவர்களுக்குக் குறி இல்லாவிடினும், கிருமி இருப்பது உறுதியானால் மருத்துவம் அவசியம். இல்லையேல் சிறுநீரகத்துக்குக் கேடு விளையலாம். ஆகவே கர்ப்ப காலச் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவற விடலாகாது.

மருந்து எழுதப்பட்டால், சொன்ன அளவில் சொன்ன நாட்கள் உண்ண வேண்டும். மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதோ, கோழிக்கும் ஆட்டுக்கும் கரைத்து ஊற்றுவதோ கூடாது. கடைசிக் கட்டத்தில் உதவும் கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழி, கால்நடைத் தீவனத்தில் பயன்படுத்துவதை மத்திய அரசாங்கம் 2019இல் தடை செய்துள்ளதையும் விவசாயிகள் நினைவில் கொள்வாராக.

தாமதம் கூடாத சமயங்கள்

மருந்தைக் குறைப்போம் என்று நாம் கூறுவதை, மருத்துவரிடம் போக வேண்டாம் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. குளிருடன் காய்ச்சல், விலாப்புறத்திலோ இடுப்பிலோ வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம், சிறுநீர் அடைப்பு ஆகியவை கண்டாலும், கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ காய்ச்சல் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகரில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும், வட்டார அரசு மருத்துவமனைகளும், ஆரம்ப சுகாதார நிலையங்களும் நமக்காகவே உள்ளன.

ஊராட்சி செய்யத் தக்கவை

இனி, ஊராட்சிப் பணியில் ஈடுபட்டிருப்போர் செய்யக்கூடியவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவதாக, சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் உள்ள கழிப்பறையைச் சென்று பார்க்க வேண்டும். தாழ்ப்பாள், தண்ணீர், சோப்பு, டப்பி வைக்க ஒரு பலகை ஆகிய நான்கும் உள்ளனவா? இவை இல்லாத இடத்தில் எந்தப் பெண்ணும் முறைப்படி மாதிரி கொடுக்க முடியாது. இதற்காகும் செலவு சொற்பம்.

இரண்டாவதாக, மாதிரி எடுக்கும் முறையைப் படங்களுடன் எழுதி அக்கழிப்பறைச் சுவரில் மாட்ட வேண்டும். எழுத்தறியாதவருக்கும் விளங்குமாறு படம் இருத்தல் நலம். டப்பியைக் கொடுக்கும்போதே இரண்டு நிமிடம் வாயால் விளக்கிச் சொல்லுமாறு செவிலியரையும் பரிசோதகரையும் கேட்டுக்கொள்ளலாம். வந்தவரும், 'எப்படிப் பிடிக்க வேண்டும்?' என்று கூசாமல் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியரை அழைத்துப் பேசச் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்களும் வீடு தேடி வருகின்றனர். பெண்ணுக்குப் பெண் சொல்வதில் கூச்சம் குறையும்.

நான்காவதாக, தண்ணீரும் கழிப்பிடமும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 18ஆம் பிரிவில் குடிநீரையும் 19ஆம் பிரிவில் கழிப்பிடங்களையும் தொழிலாளருக்கு உரிமையாக வகுத்திருந்தது. ஆலை உரிமையாளர்களிடம் இதனை நயமாக எடுத்துரைப்பது ஊராட்சியின் கடமை. போதிய நீர் அருந்துவதின் பயனுக்குச் சான்றும் உண்டு. அடிக்கடி நீர்த்தொற்று வந்து, குறைவாக நீர் அருந்தி வந்த 140 பெண்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2018இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் நீர் கூடுதலாக அருந்தியவர்களுக்கு ஓராண்டில் நோய் வந்த தடவைகள், மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதனால் அவர்கள் உண்ட ஆன்டிபயாடிக்கும் குறைந்தது.

ஐந்தாவதாக, மருந்துக் கடைகள். 2014 மார்ச் முதல் வலுவான ஆன்டிபயாடிக் மருந்துகள் சிலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்பதோடு, வாங்கியவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உள்ளது. மாத்திரை அட்டையின் மேல் சிவப்புக் கோடு கண்டால், மருத்துவர் சீட்டின்றி உண்ணத் தகாதது அது என்று அறிய வேண்டும். கடைக்காரரைக் குறை கூறுமுன், சீட்டின்றிக் கேட்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

அன்பர்களே! புதிய கட்டடமோ பெரிய நிதியோ வேண்டாத ஒரு பணி இது. வருகின்ற கிராம சபைக் கூட்டத்தில் கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். சுகாதார நிலையக் கழிப்பறையின் தாழ்ப்பாளையும் தண்ணீர்க் குழாயையும் தீர்மானத்தில் சேருங்கள். மண்ணைச் சோதித்து உரமிடக் கற்றுக்கொண்ட நம் விவசாயிகள், சிறுநீரைச் சோதித்து மருந்துண்ணும் வழக்கத்தையும் மேற்கொள்வார்கள் என்பதில் ஐயமில்லை.